மோட்டார் சைக்கிளும் நம் தலையும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டம் ஆரம்பமாவதற்கு முன்னால், பந்தலுக்கு வெளியே நிற்கும் வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தோம். புளியமரத்தடியிலிருந்து ரோட்டு ஓரம் வரை வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் தொழிலாளர் கூட்டம் என்றால் வாசலில் சைக்கிள்தான் நிற்கும். இன்றைக்கு இரண்டே இரண்டு சைக்கிள் கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட். ஹெல்மெட் எங்கே என்று தேடினோம். சில வண்டிகளில் கண்ணாடியில் தொங்குகிறது. சிலதில் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பல வண்டிகளில் இல்லவே இல்லை.

"இன்றைக்கு எதைப் பற்றிப் பேச்சு? போனஸா, கூலியா?" என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். "மோட்டார் சைக்கிளைப் பற்றி" என்றோம். சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். கூலி உயர்வுக்காக ஒரு வருஷம் போராடி வாங்கிய பணம், ஒரு நாள் காலையில் ரோட்டில் விழுந்தவனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கே போதாமல் போய்விடுகிறது. இதை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்படியிருக்கும்போது இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வாலிபர்களைத் திட்டுவதற்காக நாங்கள் இங்கே வரவில்லை. வண்டி ஓட்டுவதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. அது பொய்யான ஆனந்தம் அல்ல. எட்டு மணி நேரம் ரிங் பிரேம் சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் நின்றவன், வெளியே வந்து வண்டியைக் கிளப்பி, ஊர் எல்லை தாண்டி, வயல்காற்று முகத்தில் அடிக்கும்போது, "இந்த நேரம் என்னுடையது" என்று நினைக்கிறான். மெஷினின் வேகத்துக்கு அவன் வேலை செய்தது போய், அவன் சொன்ன வேகத்துக்கு ஒரு மெஷின் ஓடுகிறது. வளைவு வந்தால் உடம்பைச் சாய்க்கிறான், வண்டியும் சாய்கிறது. பஸ்ஸிலோ காரிலோ இந்த அனுபவம் கிடைக்காது. அங்கே நாம் சுமை. இங்கே நாம் வண்டியில் பாதி.

அதோடு, வண்டி நமக்குத் தந்த சௌகரியமும் கொஞ்சநஞ்சமல்ல. பழைய தோழர்களுக்கு ஞாபகமிருக்கும். 1955-ல் சென்னையில் என்பீல்டு புல்லட் வந்தது. ராணுவத்துக்காக வந்த வண்டி அது. பிறகு திருவொற்றியூரில் தொழிற்சாலையே எழுந்தது. அந்த நாளில் கிராமத்தில் 'தட்தட்' சத்தம் கேட்டால் வருவது போலீஸ் அதிகாரி அல்லது பெரிய மிராசுதார் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். நம் ஆள் வரப்பில் ஒதுங்கி நிற்பான். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த பிறகுதான் கதை மாறியது. பால் கேன், புல்லுக்கட்டு, உரமூட்டை, மண்வெட்டி, அதற்கு மேல் பொண்டாட்டி பிள்ளை என்று அந்தச் சின்ன வண்டி சுமக்காத சுமை இல்லை. இன்று நம் பெண்கள் ஸ்கூட்டரில் ஏறி, யார் தயவும் இல்லாமல் கம்பெனிக்குப் போய் வருகிறார்கள். நடவு முடிந்த கையோடு அடுத்த ஊர் வேலைக்குப் போக முடிகிறது. ஐந்து மைல் நடந்து போய் பஸ்ஸுக்குக் காத்திருந்த காலம் திரும்பவேண்டும் என்று நாம் ஒருவரும் கேட்கமாட்டோம்.

ஆனால் கணக்கையும் பார்க்கவேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ரோட்டு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. இவர்களில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். அதாவது ஒரு நாளைக்கு 205 பேர். இதில் கார்க்காரன் எவ்வளவு, லாரிக்காரன் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், யாருக்கு நாலு பக்கமும் இரும்பு இல்லையோ அவன்தான் அதிகம் சாகிறான்.

'விதி' என்று சிலர் சொல்கிறார்கள். 'திமிர்' என்று சிலர் சொல்கிறார்கள். விதியைப் பற்றி நாம் விவாதிக்க வேண்டாம். திமிர் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ரோட்டில் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுவதும், அதைச் செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவதும், நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பந்தயம் விடுவதும் நடக்கிறது. பந்தயம் என்றால் அதற்கென்று இடம் உண்டு. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் சென்னையே திரண்டு போய்ப் பார்த்தது. இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலும் பந்தய மைதானங்கள் இருக்கின்றன. அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். எதிரே மாட்டு வண்டி வராது. குறுக்கே கிழவி வரமாட்டாள். விழுந்தால் தூக்குவதற்கு ஆம்புலன்ஸ் நிற்கும். நம் கூலிக்கு அங்கே போய் ஓட்டக் கட்டுப்படியாகாது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த வேகத்தை ஊர் ரோட்டுக்குக் கொண்டுவந்தால், பந்தயத்தில் சேராத கிழவியும் சேர்ந்து சாகிறாள்.

திமிரை இத்தோடு விடுவோம். ஏனென்றால் விழுகிறவர்களில் எல்லாரும் திமிர் பிடித்தவர்கள் அல்ல. வேலைக்குப் போகிறவனும் வேலையிலிருந்து வருகிறவனும் எத்தனை பேர்! அவர்களுக்காக வேகத்தின் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

வேகம் இரண்டு மடங்கானால் அடியும் இரண்டு மடங்காகும் என்று நாம் நினைக்கிறோம். அது தப்பு. நாலு மடங்காகிறது. தென்னை மரத்தை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் புரியும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, 20 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். குட்டைத் தென்னை என்று வையுங்கள். 60-ல் மோதினால் 46 அடி. அது நன்றாக வளர்ந்த தென்னையின் உச்சி. 80-ல் மோதினால் 82 அடி. அவ்வளவு உயரமான தென்னை நம் தோப்பில் கிடையாது. தென்னை ஏறுகிற தோழர் இங்கே இருந்தால் அவரைக் கேளுங்கள், 46 அடியிலிருந்து விழுந்தவன் எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறாரா என்று. மரத்தில் ஏறும்போது கால் நடுங்குகிறது. கீழே பார்க்கிறோம், உயரம் தெரிகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது உயரம் தெரிவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம், குளிர்ந்த காற்று வீசுகிறது, சுகமாக இருக்கிறது. ஆனந்தமும் அபாயமும் ஒரே முறுக்கில் இருக்கின்றன.

நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதும் அப்படித்தான். குறுக்கே ஒரு ஆடு வருகிறது. கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியில், 60 வேகத்தில் போகிற வண்டி 55 அடி போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ரோடு காய்ந்திருந்து, டயரும் பிரேக்கும் நன்றாக இருந்தால்கூட மொத்தம் ஏறக்குறைய 40 மீட்டர் ஆகும். அதுவே 30 வேகத்தில் 14 மீட்டரில் நின்றுவிடலாம். இன்னொரு கணக்கு. வீட்டிலிருந்து ஆலை 12 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40-ல் போனால் 18 நிமிஷம். 60-ல் போனால் 12 நிமிஷம். மிச்சம் ஆறு நிமிஷம். கேட்டில் நின்று ஒரு டீ குடிக்கிற நேரம்.

முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும் என்று பயந்து, பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர்கள் நம்மில் அநேகர். வண்டியை நிறுத்தும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே நிறுத்துகிற பலமும் முன் சக்கரத்தில்தான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் சுழலாமல் நின்று இழுத்துக்கொண்டு போகும், வண்டி பக்கவாட்டில் படுத்துவிடும். இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இல்லாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். மணலிலும் வளைவிலும் மட்டும் ஜாக்கிரதை. ஆளில்லாத ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பத்துத் தடவை பழகிப் பாருங்கள். ஆபத்து வரும்போது கை தானாகச் செய்யும்.

ரோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழி இருக்கிறது, விளக்கு இல்லை, வேகத்தடைக்கு வெள்ளைப் பட்டை அடிக்கவில்லை. இதையெல்லாம் சர்க்காரிடம் கேட்கவேண்டும், கேட்போம். ஆனால் நாமே ரோட்டில் செய்கிற காரியமும் ஒன்று உண்டு. விவசாயத் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அறுவடைக் காலத்தில் நெல்லை ரோட்டில் காயப்போடுகிறோம். கொள்ளு, கேழ்வரகு, எள்ளுச் செடிகளைப் பரப்பிவிட்டு, வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று விட்டுவிடுகிறோம். களம் இல்லாததால்தான் செய்கிறோம் என்பது நியாயமான பேச்சு. ஆனால் லாரிக்கு அது ஒன்றும் செய்யாது. இருசக்கர வண்டிக்கு அது எண்ணெய் தடவிய தரை. அந்தக் கொள்ளுச் செடியில் சறுக்கி விழுகிறவன் யார்? பக்கத்து ஊர் ஆலைத் தொழிலாளி. நம் மைத்துனன். இரவில் நெல்லைச் சுற்றிக் கல்லை அடுக்கிவைக்கிறோமே, அதுவும் இருட்டில் தெரியாது. ஊருக்கு ஊர் களம் கேட்டுப் பஞ்சாயத்தில் மனுக் கொடுப்பது இந்த விபத்தைத் தடுக்கிற வேலையும்கூட. அதுவரைக்கும், கல்லை வைக்காதீர்கள். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரை ரோட்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

பின்னால் உட்கார்ந்து வருகிற தாய்மார்களுக்கும் ஒன்று. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் ஆளையே கீழே இழுத்துவிடும். அதற்காகத்தான் சக்கரத்தின் பக்கத்தில் கம்பித் தடுப்பு வைத்து விற்கிறான். அழகாக இல்லை என்று அதைக் கழற்றிவிடுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள்.

இனி ஹெல்மெட்டுக்கு வருவோம்.

இந்தத் தலைக்கவசம் எப்படிப் பிறந்தது என்ற கதை தெரிந்துகொள்ளவேண்டியது. 1935 மே மாதம் 13-ந் தேதி, இங்கிலாந்தில், லாரன்ஸ் என்பவர் தம் மோட்டார் சைக்கிளில் போனார். 'அரேபிய லாரன்ஸ்' என்று பெயர் எடுத்தவர். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வேலையாக அரேபியப் பாலைவனத்தில் ஒட்டகத்தில் சுற்றியவர். அவர் அரசியலுக்கும் நமக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் வேகத்தில் அவருக்கு வெறி. சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார், தலையில் அடி. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து செத்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் அந்த மரணத்தை மறக்கவில்லை. யுத்தம் வந்தது. செய்தி கொண்டுபோகிற சிப்பாய்கள் மோட்டார் சைக்கிளில் ஓடினார்கள். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் ரோடுகளில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் இருந்தவர்களும் மாண்டார்கள் என்று 1941-ல் அவர் எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்குத் தலையில்தான் அடி என்றும், கவசம் போட்டிருந்தவர்களின் காயம் லேசாக இருக்கிறது என்றும் எடுத்துக் காட்டினார். அந்த ஆண்டே ராணுவம் தன் ஆட்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் சாதாரண ஜனங்களுக்கு? பிரிட்டனில் சட்டம் வந்தது 1973-ல். சிப்பாயின் தலை ராணுவத்துக்கு உடனே வேண்டியிருந்தது. மற்றவர்கள் 32 வருஷம் காத்திருந்தார்கள்.

நமக்கு 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 129-ஆவது பிரிவு இருக்கிறது. சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கண்டிப்பு வந்தது. ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். அபராதம் ரூ. 1,000. அந்தப் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்றை வாங்கிவிடலாம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? போலீஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் மாட்டுகிறோம், தாண்டியதும் கழற்றுகிறோம். போலீஸ்காரருக்காகவா நம் தலை இருக்கிறது? 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் செத்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். புருஷன் தலையில் கவசம், பெண்டாட்டி தலையில் பூ. இதுதான் நம் ரோட்டில் தினமும் காண்கிற காட்சி.

"வெயிலில் வேர்க்கிறது" என்கிறார்கள். வேர்க்கத்தான் செய்கிறது. "முடி கொட்டுகிறது." கொட்டினாலும் தலை இருக்கிறதே! "பக்கத்திலிருக்கிற கடைக்குத்தானே" என்பது இன்னொன்று. தலை தார்ரோட்டில் படுவதற்குக் கடை பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்ற வித்தியாசம் கிடையாது. பல நாட்டு ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் போட்டவருக்குச் சாவு அபாயம் நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயம் நூற்றுக்கு 69 பங்கும் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். மிச்ச ஆபத்து மிச்சந்தான், அதை மறைக்கவேண்டியதில்லை.

அது வேலை செய்கிற விதம் இதுதான். வெளியே கெட்டியான ஓடு. உள்ளே தெர்மோகோல் போன்ற அடைப்பு. தலை மோதும்போது அந்த அடைப்பு நசுங்குகிறது. மூளைக்கு வரவேண்டிய அடியை அது வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. பலமாக ஒரு முறை விழுந்த ஹெல்மெட்டை வெளியே கீறல்கூட இல்லையே என்று தம்பிக்குக் கொடுக்காதீர்கள். ரோட்டோரத்தில் குவித்து விற்கிற தொப்பியில் அந்த அடைப்பே இருக்காது. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்று 2021 ஜூன் முதல் உத்தரவு இருக்கிறது. பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழும்போது நமக்கு முன்னால் பறந்துபோய் ரோட்டில் உருளும். அதனால் ரோட்டுக்குத்தான் பாதுகாப்பு.

இப்போது ஆலைத் தோழர்கள் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டிய விஷயம். தூக்கம்.

எங்களில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஒரு மில்லில் முழு நைட் பார்த்தார். மறுநாள் ஆள் வரவில்லை என்று பகல் ஷிப்டும் நிற்கச் சொன்னார்கள். நின்றார். வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டியிருந்தது. மாலையில் வண்டியை எடுத்தார். வாய்க்கால் பாலம் வந்தது ஞாபகம் இருக்கிறது என்றார். பாலத்தைத் தாண்டியது ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது வயலில் கிடந்தார். தோள் எலும்பு முறிந்திருந்தது. நல்லவேளை, நாற்று நட்டுச் சேறாக இருந்த வயல். விசாரித்தவர்களிடம் "வண்டி வழுக்கிவிட்டது" என்றுதான் சொன்னார். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம். நாங்களும் அன்றைக்கு அதையே திருப்பிச் சொன்னோம். வழுக்கியது என்று எழுதினால், டபுள் ஷிப்டு என்ற வார்த்தையே எங்கும் வராமல் போய்விடுகிறது. இது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயம் உள்ளவனைப்போல் தடுமாறுகின்றன என்று விஞ்ஞானிகள் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 30 மில்லி கிராம். ஆக, ஒரு சொட்டுக் குடிக்காத உத்தமத் தொழிலாளி, டபுள் ஷிப்டு முடித்து வண்டியில் ஏறும்போது, சட்டத்தின் அளவைத் தாண்டிய குடிகாரனைப் போல ஓட்டுகிறான். குடித்தவனை ஊதச் சொல்லிப் பிடிக்கக் குழாய் இருக்கிறது. தூக்கத்தைப் பிடிக்கக் குழாய் கிடையாது. மூன்று விநாடி கண் சொக்கினால், 50 வேகத்தில் போகிற வண்டி 42 மீட்டர் போய்விடும். அந்த 42 மீட்டரும் வண்டியில் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வது, பாட்டுப் போட்டுக்கொள்வது, வேகமாகப் போய்ச் சீக்கிரம் சேர்ந்துவிடுவது, இதெல்லாம் ஏமாற்று. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். கேட்டுக்குப் பக்கத்திலேயே இருபது நிமிஷம் படுத்து எழுந்து போங்கள். படுக்க இடம் எங்கே என்று கேட்கிறீர்களா? அதைத்தான் நிர்வாகத்திடம் கேட்கவேண்டும். நைட் முடித்தவர்கள் தலை சாய்க்க ஒரு கூடம், நாலு பாய், ஒரு மின்விசிறி. இது பெரிய செலவல்ல. டபுள் ஷிப்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. நிற்க நேர்ந்தால் வீடு சேர்க்க வண்டி ஏற்பாடு வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் கூலிக்குக் கீழே இந்த இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ரோட்டில் விழுந்ததற்கு மில் என்ன செய்யும்? கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று நிர்வாகம் சொல்லும். பல காலமாகச் சொல்லி வந்தது. அதற்கு இப்போது பதில் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் ஜில்லாவில் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே ஒரு காவலாளி. அவருக்கு வேலை விடியற்காலை 3 மணிக்கு ஆரம்பம், பகல் 11 வரை. 2003 ஏப்ரல் 22-ந் தேதி, மூன்று மணி வேலைக்காக இருட்டில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். ஆலைக்கு ஐந்து கிலோ மீட்டர் இருக்கும்போது விபத்து. செத்துப்போனார். வீட்டில் மனைவி, நாலு குழந்தைகள், வயதான தாயார். நஷ்ட ஈட்டுக் கமிஷனர் 2009-ல் ரூ. 3,26,140-ம் வட்டியும் கொடுக்கச் சொன்னார். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி விடவில்லை. வேலைக்குப் போகிற வழியில் செத்தது வேலையில் செத்ததாகாது என்று மேலே போனது. 2011-ல் பம்பாய் ஹைக்கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டு உத்தரவை ரத்துச் செய்தது. அந்தக் குடும்பம் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2025 ஜூலை 29-ந் தேதி தீர்ப்பு வந்தது. விடியற்காலை மூன்று மணி வேலைக்காக அல்லாமல் அந்த மனிதன் அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஏன் இருக்கப் போகிறான்? வேலைக்கும் விபத்துக்கும் நேரத்தாலும் இடத்தாலும் சந்தர்ப்பத்தாலும் தொடர்பு இருந்தால், வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே நடக்கிற விபத்தும் வேலையில் நடந்த விபத்தே என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கமிஷனர் கொடுத்த உத்தரவு மீண்டும் உயிர் பெற்றது. இருபத்திரண்டு வருஷம்! தகப்பன் செத்தபோது கைக்குழந்தையாக இருந்திருந்தால்கூட அதற்கு இப்போது ஓட்டுப் போடுகிற வயது தாண்டியிருக்கும்.

இ.எஸ்.ஐ. சட்டத்தில் இந்த வாசகம் 2010-லேயே சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. அந்தத் தொகுப்பைப் பற்றி நமக்கு இருக்கிற மற்ற வழக்குகளை இன்னொரு கூட்டத்தில் பேசலாம். இந்த வாசகத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டியது சாட்சியம். ஷிப்டு அட்டை, வருகைப் பதிவு, ஓவர்டைம் சீட்டு, எத்தனை மணிக்கு கேட்டை விட்டு வந்தார் என்ற பதிவு. போலீசில் எழுதும்போது "வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில்" என்ற சொற்கள் முதல் அறிக்கையிலேயே இருக்கவேண்டும். "வழுக்கிவிட்டது" என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

வண்டிச் சொந்தக்காரர் லைசென்சோடு ஓட்டிச் செத்தால் அவர் குடும்பத்துக்கு ரூ. 15 லட்சம் கிடைக்கிற தனிநபர் இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது. லைசென்ஸ் இல்லையென்றால் அது போச்சு. மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு ரூ. 2 லட்சமும் பலத்த காயத்துக்கு ரூ. 50,000-ம் உண்டு. வண்டி நம்பர் தெரியாது என்று எத்தனையோ குடும்பங்கள் கேட்காமலே இருந்துவிடுகின்றன.

கடைசியாக, ரோட்டில் ஒருவர் விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்பது. சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்யவேண்டும், இரண்டு பேர் வண்டிகளை மறித்து நிற்கவேண்டும். சோடாவும் தண்ணீரும் வாயில் ஊற்றாதீர்கள். நினைவில்லாதவனுக்கு அது மூச்சுக் குழலில் போகும். மூச்சு விடுகிறான் என்றால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்து முறிந்திருக்கலாம். காலைப் பிடித்துக் கையைப் பிடித்து ஆட்டோவில் திணிக்காதீர்கள். ரத்தம் பீறிட்டால் துண்டை மடித்து அழுத்திப் பிடியுங்கள். போலீஸ், கோர்ட்டு என்று இழுத்தடிப்பார்களே என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படிக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு வாங்காத திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. "பணம் கட்டினால்தான் தொடுவோம்" என்று யாராவது சொன்னால் 'இன்னுயிர் காப்போம்' என்று அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் உடனே வண்டியைக் கிளப்பாதீர்கள். புளியமரத்தடியில் நம் தோழர்கள் இரண்டு பேர் நிற்பார்கள். ஹெல்மெட் வைத்திருப்பவர்கள் அதை மாட்டி, பட்டையைப் பூட்டி, பின்பக்கமிருந்து முன்னால் தள்ளிக் காட்டுங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு அல்ல. அளவு மாற்றி எங்கே வாங்குவது என்று அவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு நைட் போகவேண்டியவர்கள் முதலில் வாருங்கள், நேரமாகிவிட்டது. சைடு ஸ்டாண்டை மறக்காமல் எடுங்கள். பந்தலைத் தாண்டியதும் மெயின் ரோட்டில் மணல் கொட்டிக் கிடக்கிறது, வரும்போதே பார்த்தோம்.